பாட்டை எடுத்துக் கொடுப்பவர்கள்

அன்புள்ள ஐயா,

சேர்ந்து பாடுவது பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை.

என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. "ஆமா", "வேண்டாம்" என்று இரண்டொரு சொல் வரும், அவ்வளவுதான். அவர்களைத் தனியாக விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போக என்னால் முடியாது. பெருந்தொற்றுக் காலத்தில் எங்கள் சபையின் இசைக்குழு, வீட்டிலிருந்து ஆராதிப்பவர்களுக்காகப் பாடல்களைப் பதிவு செய்து அனுப்பத் தொடங்கியது. ஆலயம் திறந்த பிறகும் நிறுத்தவில்லை. இப்போது ஞாயிறு ஆராதனையை நேரலையாகவே தருகிறார்கள்.

ஒரு ஞாயிறு பழைய பாமாலைப் பாட்டு ஒன்றைப் பாடினார்கள். அம்மாவும் கூடவே பாடினார்கள். முனகல் இல்லை ஐயா, சொல் சொல்லாகப் பாடினார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதன் பிறகு ஞாயிறு காலை என்றாலே அம்மா போன் இருக்கும் பக்கமாகத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இசைக்குழுவுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எழுத உட்கார்ந்தால், "உங்கள் ஊழியத்துக்கு நன்றி, கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக" என்பதற்கு மேல் ஒரு வரி வரமாட்டேன் என்கிறது. என் அண்ணனோ, "கேமராவுக்கு முன்னால் பாடுவது நிகழ்ச்சி. சபையாகக் கூடிப் பாடுவதுதான் ஆராதனை" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதுபோல் படுகிறது. இன்னொரு விஷயம், எல்லோரும் ஆலயத்துக்குத் திரும்பிவிட்டதால் நேரலையை நிறுத்திவிடலாமா என்று சபையில் பேச்சு அடிபடுகிறது. எங்கள் இருவருக்காக அதை நிறுத்த வேண்டாம் என்று கேட்பது சுயநலமா?

என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மா பாடியதைப் பற்றி முதலில் பேசிவிடலாம். நீங்கள் கேட்ட மற்றவற்றுக்கும் அங்கிருந்துதான் எனக்குப் பதில் கிடைக்கிறது.

1745-ல் ஸ்வீடனின் அரச அறிவியல் கழக ஏட்டில் ஓலோஃப் டாலின் என்பவர் ஒரு சிறு குறிப்பு எழுதினார். கடும் நோயில் வலது பக்கம் செயலிழந்து பேச்சையும் இழந்த ஒரு மனிதரைப் பற்றிய குறிப்பு அது. அந்த மனிதரால் 'ஆம்' என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. ஆனால் நோய் வருவதற்கு முன் கற்றிருந்த சில ஞானப்பாட்டுகளை, நலமாக இருக்கும் எவரையும் போலத் தெளிவாகப் பாடினாராம். டாலின் மறக்காமல் ஒன்றைச் சேர்த்திருக்கிறார். பாட்டு தொடங்கும்போது மட்டும் யாராவது அவரோடு சேர்ந்து பாடிக் கொஞ்சம் உதவ வேண்டியிருந்தது.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது இந்தக் கடைசி வரிதான். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சை நடத்துவது மூளையின் இடது பாதி. உடம்பின் வலது பக்கத்தை இயக்குவதும் அதே பாதிதான். வலது கை கால் விழும்போது பேச்சும் சேர்ந்து போவது அதனால்தான். மனப்பாடமாகிப்போன பாட்டு அந்த ஒரு பாதியை மட்டும் நம்பி இருப்பதில்லை. 1973-ல் பாஸ்டன் நகரத்து ஆய்வாளர்கள் இதை அடிப்படையாக வைத்துப் பேச்சுப் பயிற்சி முறை ஒன்றையே உருவாக்கினார்கள். எளிய சொற்களை ராகம்போல இழுத்துச் சொல்ல வைப்பார்கள். இடது கையால் தாளம் தட்ட வைப்பார்கள். அதிலும் முதலில் பயிற்சியாளர் நோயாளியோடு சேர்ந்து பாடுவார். நோயாளி பிடித்துக்கொண்டதும் மெல்லத் தன் குரலைக் குறைத்துக்கொள்வார். அம்மாவைப் பார்க்கும் பேச்சுப் பயிற்சியாளரிடம் இதைக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். மருத்துவமாக நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

உங்கள் இசைக்குழுவும் இதைத்தான் செய்திருக்கிறது. தானாகத் தொடங்க முடியாத ஒருவருக்குப் பாட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் அவர் இருக்கும் அறைக்குள் வந்து. அவர்களுக்கு இது தெரியுமா? தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

அந்த அறை வரைக்கும் வந்து சேர அவர்கள் என்னவெல்லாம் கடந்தார்கள் என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்திருந்தவர்கள் 61 பேர். அவர்களில் 53 பேருக்குத் தொற்று உறுதியானது அல்லது தொற்றாகத்தான் இருக்கும் என்று கருதப்பட்டது. இரண்டு பேர் இறந்துபோனார்கள். ஒத்திகைக்கு மறுநாள்தான் உலகச் சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்றே அறிவித்தது. அந்தச் செய்தி பரவிய பிறகு சேர்ந்து பாடுவது என்றாலே எல்லோருக்கும் அச்சம். ஆலயங்கள் மறுபடி திறந்தபோதுகூடப் பல நாடுகளில் பிரசங்கத்துக்கு அனுமதி கிடைத்தது, சபையாகப் பாடுவதற்குக் கிடைக்கவில்லை. பாடுவதே தங்கள் ஊழியம் என்று இருந்தவர்கள், தங்கள் மூச்சு பக்கத்தில் நிற்பவரைக் கொல்லக்கூடும் என்று கேட்க நேர்ந்தது. அந்த அடியிலிருந்து எழுந்து, "சரி, வேறு எப்படிச் செய்யலாம்" என்று யோசித்தார்களே, அதற்கே என் முதல் நன்றி.

வீடியோ அழைப்பில் எல்லோரும் சேர்ந்து பாடிவிடலாமே என்றுதான் முதலில் பலருக்கும் தோன்றியது. அது நடக்காது. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் என் காதுக்கு வர ஏறக்குறைய 30 மில்லி நொடி ஆகும். தாளம் குலையாமல் சேர்ந்து பாட முடிவது கிட்டத்தட்ட அந்தத் தாமதம் வரைக்கும்தான். சாதாரண வீடியோ அழைப்பில் தாமதம் அதைப்போலப் பல மடங்கு. அவர் குரலுக்காக இவர் நிற்க, இவருக்காக அவர் நிற்க, பாட்டு இழுபட்டு இழுபட்டுப் படுத்துவிடும். போதாததற்கு அந்தச் செயலிகள் பேச்சுக்கென்று செய்யப்பட்டவை. ஆர்கனில் நீளமாகப் பிடித்த சுரத்தை ஏதோ பின்னணி இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு வெட்டிவிடும்.

மிஞ்சியது ஒரே வழி, ஆளுக்கு ஆள் தனியாகப் பாடி அதை ஒன்றாகச் சேர்ப்பது. எரிக் விட்டேக்கர் என்ற இசையமைப்பாளர் 2010-லேயே 12 நாடுகளிலிருந்து 185 பேரை இப்படிப் பாட வைத்துக் காட்டியிருந்தார். ஆனால் அவருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்ற கெடு கிடையாது. சபைக் குழுக்களுக்கு இருந்தது. அதுவும் வாராவாரம்.

நானும் அப்போது ஒரு பாடகர் குழுவில் டெனார், அதாவது ஆண்களின் மேல் குரல், பாடிப் பதிவு செய்து அனுப்பிக்கொண்டிருந்தேன். அதனால் உள்ளே நடந்தது கொஞ்சம் தெரியும். ஒரு காதில் இயர்போன், அதில் கீபோர்டு வாசிப்பும் தாளத் தட்டலும் ஓடும். இன்னொரு காது திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுதி விலகிப்போகும். ஜன்னலை மூடி, விசிறியை நிறுத்தி, போனை முகத்துக்கு நேரே வைத்து, தொடக்கத்தில் ஒருமுறை கைதட்ட வேண்டும். பின்னால் எல்லோருடைய பதிவையும் அந்தத் தட்டலில்தான் பொருத்துவார்கள். அப்புறம் பாட வேண்டியதுதான். ஆல்ட்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல், பாடியவர்கள் பாடுதான் பெரும்பாடு. ஒரே சுரத்தில் நாலைந்து சொல், பிறகு ஒரு படி இறக்கம், மறுபடியும் அதே சுரம். பக்கத்தில் மெட்டைப் பாடும் சோப்ரானோ குரல் கேட்காவிட்டால் அது பாட்டு மாதிரியே இருக்காது. மற்ற குரல்கள் எங்கோ வந்து சேரும் என்று நம்பி, வெறும் அறையில் நின்று அதை நாலு சரணத்துக்கும் பாடினார்கள். விசுவாசம் என்று நாம் சொல்வதற்கு இதைவிட நேரான ஒரு செயலை நான் அந்த நாட்களில் பார்க்கவில்லை.

இத்தனை பதிவும் கடைசியில் ஒரே ஆளிடம் போய்ச் சேரும். பெரும்பாலும் அவர் குழுவின் கீபோர்டுக்காரராக இருப்பார், அல்லது ஆலயத்தில் ஒலியைச் சரிசெய்யும் மிக்சர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பையனாக இருப்பார். 'ஸ்தோத்திரம்' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது பேர் தனித்தனியாகப் பாடினால் இருபது 'ஸ்' கொஞ்சம் கொஞ்சம் முன்பின்னாக விழும். சேர்த்துக் கேட்டால் டயரில் காற்று இறங்குவதுபோல ஒரு சீறல். இரண்டு மூன்று பேருடைய 'ஸ்' மட்டும் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டு மற்றவர்களுடையதை ஒவ்வொன்றாகத் தணிக்க வேண்டும். அந்தச் சொல் எத்தனை முறை வருகிறதோ அத்தனை முறையும். ஒருவர் சுதி இறங்கியிருப்பார், அவரை மனம் நோகாமல் மறுபடி பாடச் சொல்ல வேண்டும். எல்லாம் முடித்துப் பதிவேற்றினால், யாரும் உரிமை கோர முடியாத பழைய பாட்டுக்குக்கூட பதிப்புரிமைச் சோதனை குறுக்கே வந்து நிற்கும். இதற்கெல்லாம் சம்பளம் கிடையாது. மறுநாள் காலையில் அவரவர் வேலைக்கும் போக வேண்டும்.

இவ்வளவு உழைப்பையும் தாண்டி நான் பெரிதாக மதிப்பது ஒன்று உண்டு. அழகாகப் பதிவு செய்யக் கற்றுக்கொண்ட குழுக்கள் நிறைய. வீட்டில் இருப்பவர் சேர்ந்து பாட இடம் விட்டுப் பாடிய குழுக்கள் அத்தனை இல்லை. உங்கள் சபைக் குழு அந்தச் சிலரில் ஒன்று என்று, அம்மா பாடினார் என்ற ஒரே செய்தியை வைத்து என்னால் சொல்ல முடியும்.

ஆலயத்தில் நூறு குரல் சூழ்ந்திருக்கும்போது எட்டாத சுரத்தையும் நாம் துணிந்து தொட்டுவிடுவோம். வீட்டில் தனியாக இருக்கும்போது அந்தத் துணிச்சல் வராது. அதனால் வீட்டுக்காகப் பாடும்போது சுதியை இறக்க வேண்டும். மேல் சுரத்தில் ஜொலிக்கிற பாடகருக்கு அது இழப்புதான், ஆனாலும் இறக்க வேண்டும். ஆலயத்தில் எப்போது தொடங்குவது என்று பக்கத்தில் நிற்பவர் மூச்சு இழுப்பதே சொல்லிவிடும். வீட்டில் அது இல்லை. எனவே முன்னிசையில் ஒரு முழு அடியை வாசித்துக் காட்ட வேண்டும், சரணத்துக்கும் சரணத்துக்கும் நடுவில் விடும் இடைவெளி ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருக்க வேண்டும். போனின் சின்ன ஸ்பீக்கரில் தாழ்ந்த சுரங்கள் ஏறக்குறைய காணாமலே போய்விடும். பேஸ் கிட்டாரையும் ஆர்கனின் பெடலையும் நம்பி அமைத்த இசை அதில் காலில்லாமல் நிற்கும். அதனால் மெட்டைப் பாடும் குரலை முன்னால் கொண்டுவர வேண்டும். சங்கதிகளைக் குறைக்க வேண்டும். பாட்டு வரிகள் திரையில் பெரிய எழுத்தில், பாடுவதற்குக் கொஞ்சம் முன்னதாகவே வர வேண்டும்.

இவற்றில் ஒன்றுகூடப் பாடுபவரைப் பெரிதாக்கிக் காட்டாது. ஒவ்வொன்றும் கேட்பவருக்காகப் பாடுபவர் விட்டுக்கொடுப்பது. உங்கள் அண்ணனின் கேள்விக்கு என் பதில் இதில் பாதி இருக்கிறது. நிகழ்ச்சி என்றால் நம்மைக் கேட்க மட்டும் விட்டுவிடும். உங்கள் வீட்டில் அம்மா பாடிவிட்டார்.

மீதிப் பாதியில் நான் அண்ணன் பக்கம். கூடிப் பாடுவதற்கு ஈடு இல்லை. 2013-ல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத் துடிப்பு ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதை அளந்து காட்டினார்கள். பாட்டின் அடிகள் மூச்சை ஒழுங்குபடுத்துகின்றன, மூச்சோடு துடிப்பும் சேர்ந்துகொள்கிறது. நேரலையில் இது கிடைக்காது. நீங்கள் பாடுவது அவர்களுக்குக் கேட்கவும் கேட்காது. சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்று எபிரெயர் நிருபம் சொல்வதைத்தான் அண்ணன் மனதில் வைத்திருப்பார். நடமாட முடிந்தும் ஞாயிறு காலையில் சோபாவை விட்டு எழ மனமில்லாதவர்களுக்கு அந்த வசனத்தை அவர் தாராளமாகச் சொல்லட்டும். படுக்கையில் இருக்கும் ஒருவருக்கும், அவரை விட்டு அகல முடியாத மகளுக்கும் ஆலயமா வீடா என்ற தேர்வே கிடையாது. பாட்டு உள்ள ஞாயிறா, பாட்டில்லாத ஞாயிறா என்பதுதான் அவர்கள் முன் இருப்பது. முடிந்தால் ஒரு வாரம் அண்ணனை அந்த நேரத்தில் வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். அம்மா பாடுவதை அவரும் கேட்கட்டும். அப்போது அண்ணனும் கூடவே பாடுவார் என்றுதான் நினைக்கிறேன். அன்று நீங்கள் ஆலயத்துக்குப் போய்விட்டும் வரலாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால், அங்கே நின்று பாடி உங்களுக்கும் வெகு நாளாகியிருக்கும்.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லலாம். ஆராதனை ஆலயச் சுவரைத் தாண்டி வந்தது 2020-ல் அல்ல. 1921 ஜனவரி 2 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கே.டி.கே.ஏ. வானொலி, கல்வாரி எபிஸ்கோபல் ஆலயத்தின் ஆராதனையை ஒலிபரப்பியது. வானொலியில் போன முதல் ஆலய ஆராதனை என்று அதைத்தான் குறிப்பிடுவார்கள். கருவிகளைக் கவனித்துக்கொள்ள இரண்டு பொறியாளர்கள் உள்ளே இருக்க வேண்டியிருந்தது. சபையின் கவனம் சிதறக் கூடாது என்பதற்காக இருவரும் பாடகர் குழுவின் அங்கியைப் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் யூதர். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. மைக்கையும் வயரையும் பார்த்துக்கொள்கிறவர் நூறு வருடத்துக்கு முன்பே பாடகர் குழுவோடு ஒன்றாக நின்றுவிட்டார். ஆனால் இன்றைக்கும் நன்றி சொல்லும்போது பாடியவர் பெயரும் வாசித்தவர் பெயரும் வரும், மிக்சரில் இருந்தவர் பெயர் விட்டுப்போகும். உங்கள் கடிதத்தில் அது விட்டுப்போக வேண்டாம். அந்தப் பழைய பாட்டில் சொற்கள் தெளிவாகக் கேட்டதால்தானே அம்மா பிடித்துக்கொண்டார்? அது மிக்சரில் இருந்தவர் கைவேலை.

நேரலையை நிறுத்த வேண்டாம் என்று கேட்பது சுயநலமே இல்லை. 2020-க்கு முன்பும் ஒவ்வொரு சபையிலும் படுக்கையில் இருந்தவர்கள் இருந்தார்கள், அவர்களைப் பார்த்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். ஆயர் எப்போதாவது வந்து ஜெபித்துவிட்டுப் போவார், பாட்டு வராது. நலமாக இருந்தவர்களுக்கும் கதவு அடைபட்டபோதுதான் ஒரு வழி திறந்தது. அடைபட்டவர்கள் திரும்பிவிட்டார்கள் என்பதற்காக, திரும்ப முடியாதவர்களுக்கு அந்த வழியை மூடுவது நியாயமாக எனக்குப் படவில்லை. அதே சமயம் குழுவினரின் களைப்பும் உண்மைதான். அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். நாலு கேமரா வேண்டாம், ஸ்டாண்டில் ஒரு போன் போதும், மிக்சரிலிருந்து ஒலியை நேராக எடுத்துக் கொடுத்தால் போதும் என்று எழுதுங்கள். பாட்டு மட்டும் ஒலியாக வந்தாலும் எங்களுக்குச் சரிதான் என்றுகூட எழுதலாம். சுமை குறையும் என்று தெரிந்தால் தொடர்வது பற்றி யோசிக்கத் தயங்க மாட்டார்கள். நிறுத்தலாம் என்று பேசுகிறவர்களின் கண்ணில் படுவது, எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று திரையின் ஓரத்தில் காட்டும் ஓர் எண் மட்டும். அந்த எண்ணுக்குள் நீங்களும் அம்மாவும் சேர்த்து ஒன்றாகத்தான் கணக்காகியிருப்பீர்கள். கடிதத்தின் பிரதி ஒன்றை ஆயருக்கும் சபைக் கமிட்டிக்கும் அனுப்புங்கள்.

சரி, என்ன எழுதுவது? எனக்கு எழுதியதையே அவர்களுக்கும் எழுதுங்கள். எந்த ஞாயிறு, எந்தப் பாட்டு, அம்மா எந்த அடியில் வந்து சேர்ந்தார், முதல் சரணத்திலேயே வந்தாரா அல்லது இரண்டாவதிலா, எந்தச் சொல்லில் தடுக்கியது. பாராட்டு வார்த்தை ஒன்றுகூட வேண்டியதில்லை. "அருமை, தேவ பிரசன்னத்தை உணர்ந்தோம்" என்பதை அவர்கள் ஏராளமாகக் கேட்டிருப்பார்கள். பேச்சில்லாத ஒருவர் தங்களோடு நாலு வரி பாடினார் என்பதை எந்த இசைக்குழுவும் அடிக்கடி கேட்பதில்லை. அம்மா பாடுவதைப் பதிவு செய்து கூடவே அனுப்பினால் இன்னும் நல்லது. படம் வேண்டாம், குரல் போதும். அனுப்பலாமா என்று அம்மாவிடம் கேட்டுவிடுங்கள். ஆமா என்றும் வேண்டாம் என்றும் சொல்ல அவரிடம் சொல் இருக்கிறது.

கடைசியாக ஒரு சின்ன வேலை. பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவின் குரல் முன்பைவிடத் தணிந்திருக்கலாம். வாரநாளில் ஒருமுறை நீங்களே அந்தப் பாட்டை வெவ்வேறு சுதியில் எடுத்துக் கொடுத்து, எதில் அவர் சிரமமில்லாமல் பாடுகிறார் என்று பாருங்கள். சுதியைக் காட்டும் செயலிகள் போனிலேயே கிடைக்கின்றன. அதைக் கடிதத்தின் அடியில் எழுதி, மாதத்தில் ஒரு பாட்டை அந்தச் சுதியில் பாட முடியுமா என்று கேளுங்கள். கீபோர்டு என்றால் சுதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்துகிற வேலைதான். ஆர்கனாக இருந்தால் வாசிப்பவர் பழகிப் பார்க்க வேண்டியிருக்கும், அதனால் ஒத்திகைக்கு முன்பே தெரிவித்துவிடுங்கள்.

அன்புடன்.